சரிவு ஒன்று, மனைகள் பல: இமாலய மலைநகரங்களில் கட்டட அனுமதியின் வரலாறு

மலைநகரம் ஒன்றில் வீடு கட்ட விரும்புபவர் நகராட்சியிடம் அளிக்கும் வரைபடத்தில் மனையின் நான்கு எல்லைகள் தெளிவாக வரையப்பட்டிருக்கும். தளப்பரப்பு, மாடிகளின் எண்ணிக்கை, பக்க இடைவெளி, கூரையின் சாய்வு ஆகிய அனைத்தும் அளவுகளோடு குறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லைக்கோட்டிற்கு மேலே மழைநீர் எங்கிருந்து வருகிறது, கீழே அது எங்கே போகிறது என்பதை அந்த வரைபடம் காட்டுவதில்லை. காட்டவேண்டும் என்று விதியும் பெரும்பாலும் கேட்பதில்லை. மலைச்சரிவோ மனை எல்லைகளை அறியாது. மேலே ஒருவர் வெட்டிய மண்ணும், நடுவில் ஒருவர் அடைத்த ஓடையும், கீழே ஒருவர் எழுப்பிய சுவரும் ஒரே நிலத்திணிவின் பகுதிகள். அனுமதி மனை மனையாகத் தரப்படுகிறது. சரிவு மொத்தமாக இறங்குகிறது. இமாலய மலைநகரங்களின் 150 ஆண்டுக் கட்டட ஒழுங்குமுறை வரலாற்றை இந்த ஒரு முரணைக் கொண்டே படிக்கலாம்.

இந்த வரலாறு அறியாமையின் வரலாறு என்று பொதுவாக எண்ணப்படுகிறது. அன்றைய ஆட்சியாளருக்கு நிலவியல் தெரியாது, இன்றைய அதிகாரிக்கு மலை தெரியாது என்பது வழக்கமான விளக்கம். ஆவணங்கள் அவ்வாறு சொல்வதில்லை. ஒவ்வொரு பேரிடருக்கும் முன்பே எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்ட எச்சரிக்கையை ஒரு கட்டட அனுமதிக் கோப்பின் மீது மறுப்பாக மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

நைனிதால், 1880

குமாவுன் மலையில் ஓர் ஏரியைச் சூழ்ந்து 1840-களில் உருவான ஊர் நைனிதால். 1845இலேயே அங்கு நகராட்சி ஏற்பட்டது. வடமேற்கு மாகாண அரசு கோடைகாலத்தில் அங்கு குடியேறத் தொடங்கியபின் மனைகளின் மதிப்பு உயர்ந்தது. ஏரியை ஒட்டிய சமதளம் மிகக் குறைவு. ஆகவே சரிவை வெட்டிச் சமன்செய்து அதன்மேல் மாளிகைகளும் விடுதிகளும் எழுந்தன. ஏரியின் வடகிழக்கே ஷேர்-கா-டண்டா என்னும் மலைத்தொடர் நிற்கிறது. அதன் ஒரு பகுதியான ஆல்மா மலையில் 1866இலேயே மண் சரிந்தது. அதைத் தொடர்ந்து 1867இல் மலைச்சரிவுகளின் பாதுகாப்பை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பின்னரும் அதே மலையில் மண் சரிந்தது. அதே மலையின் அடியில் விக்டோரியா ஹோட்டல் இயங்கிக்கொண்டிருந்தது.

1880 செப்டம்பர் மாதம் இடைவிடாத பெருமழை பெய்தது. நாற்பது மணி நேரத்திற்குள் அரை மீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டியது. 18ஆம் தேதி காலையில் ஹோட்டலின் பின்புறம் முதல் சரிவு ஏற்பட்டது. மண்ணில் புதைந்தவர்களை மீட்கச் சிப்பாய்களும் அதிகாரிகளும் தொழிலாளர்களும் அங்குக் கூடினர். பிற்பகலில் மலையின் பெரும்பகுதி மீண்டும் இறங்கியது. ஹோட்டலும், ஏரிக்கரையில் இருந்த நைனா தேவி கோயிலும், பொதுமன்றக் கட்டடமும் சில நொடிகளில் மறைந்தன. இறந்தோர் 151 பேர். அவர்களில் 43 பேர் ஐரோப்பியரும் யூரேசியரும். 108 பேர் இந்தியர். மீட்கச் சென்றவர்கள் பலரும் மாண்டோரில் அடங்குவர்.

மழை உடனடிக் காரணம். சரிவின் மேற்பரப்பில் மனிதர் செய்த மாற்றங்கள் அதற்கு வழியமைத்தன. கட்டடத்திற்காகச் சரிவை வெட்டும்போது மலை தன் அடித்தாங்கலை இழக்கிறது. வெட்டிய மண்ணை விளிம்பில் கொட்டிச் சமன்செய்யும்போது கீழ்ச்சரிவின் மீது புதிய சுமை ஏறுகிறது. சமனாக்கப்பட்ட தளத்தில் மழைநீர் வழிந்தோடாமல் தேங்கிப் பிளவுகளுக்குள் இறங்குகிறது. அந்நீர் பாறைப் படலங்களுக்கு இடையே அழுத்தத்தை உயர்த்தி அவற்றின் உராய்வுப் பிடிப்பைக் குறைக்கிறது. நைனிதாலின் சிதைந்த கற்பலகைப் பாறைகளில் இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன.

அதன் பின் காலனிய நிர்வாகம் செய்த பணி கவனத்திற்குரியது. தனித்தனி மனைகளின் தாங்குசுவர்களைப் பெரிதாக்குவதோடு அது நிற்கவில்லை. மலையை ஒரே நீர்ப்பரப்பாகக் கருதியது. சரிவின் குறுக்காகவும் நெடுக்காகவும் கல்லால் கட்டிய வடிகால்களின் பெரும் பின்னல் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கிளை வடிகாலும் ஒரு முதன்மை ஓடையில் கலந்து, நீரைப் பிளவுகளுக்குள் விடாமல் ஏரிக்குக் கொண்டுசென்றது. சரிவின் நகர்வை ஆண்டுதோறும் அளக்கத் தூண்கள் நடப்பட்டன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ் 1890இலும், தாமஸ் ஹாலண்ட் 1897இலும் இம்மலைகளைப் பற்றி விரிவாக எழுதினர். ஷேர்-கா-டண்டாவில் இருந்த ஆளுநர் மாளிகையிலேயே விரிசல்கள் தோன்றியதால் அது கைவிடப்பட்டு, வேறொரு மலைப்பகுதியில் புதிய மாளிகை எழுந்தது. ஆளுநருக்கு இடம்பெயர வழி இருந்தது. கடைவீதியில் வாழ்ந்தோருக்கும் பணியாளருக்கும் அவ்வழி இருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டைப் போற்றிப் பாடவேண்டியதில்லை. அது ஆளும் வர்க்கத்தின் கோடை வாழ்வைக் காக்க எழுந்தது; சரிவில் மனைகள் பெருகுவதற்குக் காரணமும் அதே அரசுதான். ஆயினும் ஒரு கருத்து அதில் நிலைபெற்றது: மலையில் பாதுகாப்பு என்பது முதலில் நீரின் பாதையைப் பற்றியது, அப்பாதை எந்த ஒரு மனைக்குள்ளும் அடங்காது. விடுதலைக்குப் பிந்தைய நகரத் திட்டமிடலில் இக்கருத்துதான் தொலைந்துபோயிற்று.

சிம்லா: இடைக்காலமாகவே நின்ற திட்டம்

1864இல் பிரித்தானிய இந்தியாவின் கோடைத் தலைநகராக ஏற்கப்பட்ட சிம்லாவின் அமைப்பில் சமூகப் படிநிலை உயரத்தால் எழுதப்பட்டிருந்தது. மலைமுகட்டிலும் தேவதாருக் காடுகளின் நடுவிலும் ஐரோப்பியரின் இல்லங்கள். அவற்றின் கீழே செங்குத்தான சரிவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதுபோல் இந்தியரின் கடைவீதி. நகராட்சியின் கவலை பெரும்பாலும் நெரிசலும் நோயும் குறித்தே இருந்தது. சரிவின் உறுதி அதற்கு அடுத்தபடியாகவே வந்தது.

எனினும் உயரமான கனத்த கட்டடங்களை அம்மலை தாங்குமா என்னும் ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் கட்டடக் கலைஞராகத் தமிழ்நாட்டில் அறியப்பட்ட ஹென்றி இர்வின், 1888இல் நிறைவுற்ற வைசிராய் மாளிகையையும் 1887இல் திறக்கப்பட்ட கெய்ட்டி அரங்கத்தையும் சிம்லாவில் வடிவமைத்தவர். அரங்கம் அடங்கிய அந்தப் பல மாடிக் கட்டடத்தின் மேற்பகுதிகள் பின்னர் பாதுகாப்பற்றவை எனக் கருதப்பட்டு இடிக்கப்பட்டன. உள்ளூர் மக்களோ மரச்சட்டங்களுக்கு இடையே கல் நிரப்பும் தஜ்ஜி முறையிலும், மரமும் கல்லும் மாறிமாறி அடுக்கும் காத்-குனி முறையிலும் எடை குறைந்த, அசைவைத் தாங்கும் வீடுகளைக் கட்டிவந்தனர். 1905 ஏப்ரல் 4இல் காங்ரா நிலநடுக்கம் ஏறத்தாழ இருபதாயிரம் உயிர்களைப் பலிகொண்ட மாநிலப் பகுதி அது.

விடுதலைக்குப் பின் சிம்லா இமாச்சலப் பிரதேசத்தின் தலைநகராயிற்று. ஏறத்தாழ 25,000 பேருக்காக அமைந்த ஊர் என்று சொல்லப்படும் அந்நகரில் 2011 கணக்கெடுப்பின்படி 1,69,578 பேர் வாழ்ந்தனர். அரசு அலுவலகங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள், சுற்றுலா ஆகியவை ஈர்த்த மக்களுக்கு வீடு தேவைப்பட்டது. அத்தேவை உண்மையானது. மலைநகரங்களில் கட்டடமே கூடாது என்று சொல்வோர் பெரும்பாலும் அங்கு ஏற்கெனவே வீடு உள்ளவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

இத்தேவையை ஒழுங்குபடுத்த 1977இல் மாநில நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1979இல் சிம்லாவுக்கு ஓர் இடைக்கால மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முழுமையான திட்டம் வரும்வரை அது செயல்படும் என்பது நோக்கம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் முழுமையான திட்டம் வரவில்லை. இடைக்காலத் திட்டம் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. திருத்தங்களின் பொருள் ஏறத்தாழ ஒன்றே: எத்தனை மாடி, எவ்வளவு தளப்பரப்பு, எந்த வட்டத்தில் எவ்வளவு தளர்வு. நீரோடைகளையும் சரிவின் கோணத்தையும் முதன்மைப்படுத்தும் திட்டமிடலாக அது வளரவில்லை.

2000ஆம் ஆண்டு நகரின் 17 பசுமைப் பகுதிகளில் புதிய கட்டடங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே காலத்தில் அனுமதியின்றியோ அனுமதியை மீறியோ கட்டப்பட்டவற்றைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் கொள்கைகளும் அடுத்தடுத்து வந்தன. அவற்றின் உச்சமாக 2016இல் நகர் ஊரமைப்புச் சட்டமே திருத்தப்பட்டது. அத்திருத்தத்தை மாநில உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் நீக்கியது. வரன்முறைப்படுத்தல் என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு கட்டடத்தின் தகுதியை மாற்றும் செயல். அக்கட்டடத்தின் கீழுள்ள மண்ணின் தகுதியை அதனால் மாற்ற இயலாது.

தீர்ப்பாயமும் நீதிமன்றமும்

2017 நவம்பர் 16இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சிம்லா குறித்து விரிவான ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. நகரின் மையப் பகுதியிலும் பசுமை, வனப் பகுதிகளிலும் புதிய குடியிருப்பு, வணிகக் கட்டடங்களுக்குத் தடை விதித்தது. ஏனைய இடங்களில் இரண்டு மாடியும் அட்டிக் எனப்படும் கூரையறையும் மட்டுமே எழுப்பலாம் என்றது. பின்னர் மாநில அரசு 2041ஐ இலக்காகக் கொண்ட புதிய மேம்பாட்டுத் திட்டத்தின் வரைவை வெளியிட்டது. அது முந்தைய ஆணைக்கு முரணானது என்று கூறித் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் அதனைச் செல்லாதென்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 2024 ஜனவரி 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் ஆணைகளை நீக்கி, 2023 ஜூனில் வெளியிடப்பட்ட திட்டத்தைச் செயல்படுத்த வழிவிட்டது. மேம்பாட்டுத் திட்டம் வகுப்பது சட்டமியற்றலை ஒத்த பணி. அது எவ்வாறு அமையவேண்டும் என்று தீர்ப்பாயம் மாநிலத்திற்குக் கட்டளையிட இயலாது என்பதே அத்தீர்ப்பின் மையம். திட்டத்தின் குறிப்பிட்ட கூறுகளால் பாதிக்கப்படுவோர் உரிய மன்றத்தை அணுகும் வாய்ப்பையும் அது விட்டுவைத்தது.

அதிகாரப் பிரிவினை என்னும் நோக்கில் இத்தீர்ப்பு புரிந்துகொள்ளத்தக்கது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வகுக்கும் திட்டத்தின் இடத்தில் ஒரு தீர்ப்பாயத்தின் ஆணை நிரந்தரமாக அமர்வது முறையாகாது. ஆனால் வரலாற்று மாணவர் இங்கு வேறொன்றையும் காண்பார். பல ஆண்டுகள் நீண்ட இவ்வழக்கில் வெளியே பேசப்பட்டதெல்லாம் மாடிகளின் எண்ணிக்கை: இரண்டா, மூன்றா, கூரையறை உண்டா, வாகன நிறுத்தம் உண்டா என்பவை. தடை விதித்தவர்களும் தளர்வு கோரியவர்களும் ஒரே அலகில் வாதிட்டனர். அந்த அலகு மனை. ஒற்றை மாடி வீடுகளே நிறைந்த சரிவும், அதன் வடிகால்கள் அடைபட்டால், இறங்கும். மாடிக் கட்டுப்பாடு தேவையானது. அது மட்டும் போதுமானதன்று.

2023 ஆகஸ்ட் 14 இதனைத் துயரத்தோடு உணர்த்தியது. சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் பெருமழைக்கிடையே காலை வழிபாட்டிற்குக் கூடியிருந்தோர்மீது மலை சரிந்து சிவன் கோயிலை மூடியது. இருபது பேர் இறந்தனர். முன்னாள் வைசிராய் மாளிகையில் இயங்கும் இந்திய உயராய்வு நிறுவன வளாகத்தின் அருகே சரிவு தொடங்கியது. இடையில் கால்கா–சிம்லா இருப்புப்பாதையின் அடிமண்ணை அடித்துச்சென்று தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்டது. கீழே கோயிலில் முடிந்தது. மேலே ஒரு மத்திய நிறுவனம், நடுவில் ரயில்வே, கீழே ஒரு வழிபாட்டிடம்: மூன்று உடைமைகள், மூன்று நிர்வாகங்கள், ஒரே நீர்வழி. அங்கு ஏழு மாடிக் குடியிருப்பு எதுவும் இல்லை. மறுநாள் கிருஷ்ணா நகரில் வீடுகள் சரிந்தன. நகரின் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் பகுதி அது. மேட்டில் வீழும் மழை பள்ளத்தில் வாழ்வோரின் வீட்டில்தான் கணக்குத் தீர்க்கிறது.

எச்சரித்தவர்களும் அதிகாரமும்

சிம்லா தனித்த நிகழ்வன்று. ஜோஷிமத்தின் வீடுகளில் 2023 ஜனவரியில் விரிசல்கள் பரவியபோது நாடே வியந்தது. அவ்வூர் பழைய நிலச்சரிவுப் படிவின்மேல் அமைந்தது என்றும், மண்ணின் தாங்குதிறனை ஆராயாமல் கனத்த கட்டுமானம் கூடாது என்றும், சரிவின் பாறைகளை அகற்றலாகாது என்றும் மிஸ்ரா குழு 1976இலேயே எழுதியிருந்தது. அந்த அறிக்கை அரை நூற்றாண்டாக இருந்தது. அதன்படி ஒரு விண்ணப்பத்தை மறுக்கும் கடமை எந்த அலுவலகத்தின் மேசையிலும் வைக்கப்படவில்லை.

நைனிதாலில் 1990-களில் மற்றொரு வகை முயற்சி நடந்தது. குமாவுன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் அஜய் ராவத் உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஏரியின் மாசும் மலையில் பெருகிய கட்டடங்களும் அவ்வழக்கின் பொருள். 1995இல் நீதிமன்றம் பிறப்பித்த நெறிகளில், நகர எல்லைக்குள் பல மாடிக் குழுக் குடியிருப்புகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் தடை வேண்டும் என்பதும் இடம்பெற்றது. வரலாற்றறிஞர் ஒருவர் இவ்வழக்கைத் தொடுத்தது தற்செயலன்று. எந்தச் சரிவு எப்போது இறங்கியது, எந்த வடிகால் எதற்காகக் கட்டப்பட்டது என்னும் நினைவு ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. புதிதாக வரும் பொறியாளருக்கும் அடிக்கடி மாறும் ஆணையருக்கும் அந்நினைவு கைமாறுவதில்லை.

மிசோரமின் ஐசால் நகரம் வேறொரு வழியைக் காட்டியது. 2013 மே 11இல் லைபுய்ட்லாங் பகுதியில் அரசுப் பொதுப்பணித் துறைக் கட்டடம் ஒன்று சரிந்து கீழிருந்த வீடுகளின்மேல் விழுந்து 17 பேர் இறந்தனர். அதன் பின் அம்மாநகராட்சி, மனையைச் சீரமைப்பதற்கும் சரிவை வெட்டுவதற்கும் தனியே விதிமுறைகளை வகுத்தது. கட்டடத்தின் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே நிலத்தில் செய்யப்படும் மாற்றத்தை நிலவியல் நோக்கில் ஆராயவேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. இந்திய நகராட்சி வரலாற்றில் இது சிறியதாயினும் பொருள்பொதிந்த மாற்றம். அனுமதியின் பொருள் கட்டடத்திலிருந்து சரிவை நோக்கி நகர்ந்தது. இதன் எல்லையும் விரைவில் தெரிந்தது: 2024 மே மாதம் ரெமல் புயல் மழையில் ஐசாலின் புறத்தே ஒரு கல்குவாரி சரிந்து பலர் உயிரிழந்தனர். வீட்டு மனைகளுக்கு மட்டும் விதி வகுத்து, குவாரியையும் சாலையையும் வேறு துறைகளிடம் விட்டால் சரிவு மறுபடியும் துண்டாகிவிடுகிறது.

மறுஆய்வுக் குழு எதைக் கேட்கவேண்டும்

மலைச்சரிவில் ஒரு குடியிருப்புத் திட்டம் ஆய்வுக்கு வரும்போது, இவ்வரலாறு மூன்று கேள்விகளை முன்வைக்கிறது. முதலாவது நீர் பற்றியது: மனைக்கு மேலிருந்து வரும் மழைநீரும், மனையிலிருந்தே வெளியேறும் கழிவுநீரும் எந்த வழியாக எந்த ஓடையைச் சேர்கின்றன? உறிஞ்சுகுழிகள் ஆண்டு முழுவதும் சரிவுக்குள் நீரை இறக்குவதால், மழைக்காலம் தொடங்கும்போதே மண் நனைந்திருக்கிறது. இரண்டாவது மண் பற்றியது: வெட்டிய மண் எங்கே போகிறது? பெரும்பாலான கோப்புகளில் வெட்டும் அளவு இருக்கும். கொட்டும் இடம் இருக்காது. மூன்றாவது கூட்டுவிளைவு பற்றியது: இதே சரிவில் இதுவரை தரப்பட்ட அனுமதிகள் எத்தனை, அவற்றோடு இதுவும் சேர்ந்தால் என்னாகும்? தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் நியாயமானதே. நியாயமான நூறு அனுமதிகளின் கூட்டுத்தொகை நியாயமற்றதாக முடியலாம்.

இக்கேள்விகளுக்கு விடைகாண நகராட்சியின் பதிவறையும் உதவும். 1880க்குப் பின் நைனிதாலில் வரையப்பட்ட வடிகால் வரைபடங்கள், அளவுத் தூண்களின் பதிவேடுகள், நிலவியல் துறையின் பழைய அறிக்கைகள் ஆகியவை காலனியப் பெருமையின் நினைவுச்சின்னங்களாக மட்டும் கருதப்படுகின்றன. அவை இன்றும் செல்லுபடியாகும் சான்றுகள். ஒரு சரிவு ஒருமுறை இறங்கியது என்னும் பதிவு, அச்சரிவில் தரப்படவிருக்கும் அடுத்த அனுமதிக்கு எதிரான முதல் சாட்சி. அச்சாட்சியை விசாரணையில் கேட்கவேண்டும் என்று எந்த விதியும் இதுவரை கட்டாயப்படுத்தவில்லை. சுற்றுச்சூழல் வரலாற்றை ஆய்வோர் தம் ஆய்வேடுகளுக்கு வெளியே செய்யவேண்டிய பணி இங்கு உள்ளது: ஒவ்வொரு மலைநகரத்திற்கும் அதன் சரிவுகளின் வரலாற்றை, இடமும் தேதியும் குறித்து, அனுமதி வழங்கும் அலுவலர் படிக்கக்கூடிய வடிவில் எழுதித் தருவது.